மாசிச் சம்பலும் பிரஷர் மாத்திரையும்

கேள்வி இது. கீழக்கரையில் இருக்கும் உம்மாவுக்கு வயது 58. ஒரு வருடமாக எனலாப்ரில் மாத்திரை சாப்பிட்டு வந்தார். மூன்று மாதமாக வறட்டு இருமல், ராத்திரித் தூக்கம் போச்சு. வீட்டில் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டார். போன வாரம் பார்த்தால் பிரஷர் 164/98. துபாயில் இருக்கும் மச்சான் 'சாளை மீன் பெப்டைடு' என்று ஜப்பான் டப்பா ஒன்றை அனுப்பியிருக்கிறார். மாத்திரை செய்யும் அதே வேலையை மீன் சத்தே செய்துவிடும், பக்கவிளைவு கிடையாது என்று கூடவே ஒரு வீடியோ. இதைக் கொடுக்கலாமா என்று கேட்டுவிட்டு, கேட்ட தம்பி கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "மாசிக் கருவாட்டிலும் இதே சத்து இருக்காமே. எங்க வீட்டில் வாரத்தில் நாலு நாள் மாசிச் சம்பல்தான். அப்புறம் எப்படி உம்மாவுக்கு பிரஷர் வந்துச்சு?"

தம்பி, அந்தக் கடைசி வரிதான் நல்ல கேள்வி. ஆனால் அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. பாம்பனில் பிறந்து, கல்லூரியில் உயிர்வேதியியல் பாடம் நடத்திப் பிழைத்தவன். ஆனாலும் இதைச் சொல்ல டாக்டராக இருக்க வேண்டியதில்லை: உம்மாவின் இருமலுக்கு அந்த மாத்திரையே காரணமாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. எனலாப்ரில் வகை மருந்து எடுப்பவர்களில் நூற்றுக்கு 5 பேரிலிருந்து 20 பேர் வரை இந்த வறட்டு இருமல் வருகிறது, பெண்களுக்குக் கூடுதலாக. மருந்தை நிறுத்தினால் சில வாரங்களில் அடங்கும். அதற்கு வழி மருந்தே வேண்டாம் என்பதல்ல, மருந்தை மாற்றுவது. லோசார்டன், டெல்மிசார்டன் என்று ஒரு வகை இருக்கிறது, அம்லோடிபின் இருக்கிறது. இவற்றில் இந்த இருமல் தொல்லை அநேகமாக இல்லை. 'இருமல் வருது, மாத்துங்க' என்று சொன்னால் எந்த டாக்டரும் கோபித்துக்கொள்ள மாட்டார், அவர்களுக்கு இது தினமும் கேட்கும் புகார். மூன்று மாத இருமல் என்பதால் சளிப் பரிசோதனையும் ஒரு தடவை செய்துவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் போகும் எந்த இருமலுக்கும் டிபி இல்லை என்று உறுதிப்படுத்திக்கொள்வது நம் நாட்டு வழக்கம்.

இந்த வாரத்துக்குள் போங்கள். 164/98 என்பது மீனைக் காட்டிச் சரிக்கட்டும் அளவு இல்லை. நடுவில் முகம் ஒரு பக்கம் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ 108க்குத்தான் போன். டப்பாவைப் பிரிப்பதா வேண்டாமா என்பது அதற்கு அப்புறம்.

இனி விஷயத்துக்கு வருவோம். மச்சான் அனுப்பிய வீடியோ முழுப் பொய் இல்லை, அதில்தான் சிக்கலே. அந்த மாத்திரையும் அந்த மீன் பெப்டைடும் ஒரே இடத்தில்தான் கை வைக்கின்றன.

நம் ஈரல் ஆஞ்சியோடென்சினோஜென் என்று ஒரு நீளமான புரதத்தை ரத்தத்தில் விடுகிறது. சிறுநீரகத்திலிருந்து வரும் ரெனின் என்ற நொதி அதன் முனையில் 10 அமினோ அமிலம் நீளமுள்ள துண்டு ஒன்றை நறுக்கி எடுக்கிறது. அந்தத் துண்டால் பெரிய தொந்தரவு இல்லை. ஆனால் ரத்தக் குழாய்களின் உள்சுவரில், முக்கியமாக நுரையீரலில், ஏசிஇ என்று இன்னொரு நொதி உட்கார்ந்திருக்கிறது. அது வாலில் இரண்டைக் கழித்து 8 ஆக்கிவிடும். அந்த எட்டுதான் ஆஞ்சியோடென்சின் 2. ரத்தக் குழாயை இறுக்குவதும், உப்பையும் தண்ணீரையும் உடம்பில் தேக்கி வைக்கச் சொல்வதும் அதுவே. ஏசிஇக்கு இன்னொரு வேலையும் உண்டு. குழாயைத் தளர்த்தும் பிராடிகைனின் என்ற பொருளை அது வெட்டித் தள்ளிவிடும். ஒரே அரிவாள்மனை, இரண்டு பக்கமும் கெடுதல். எனலாப்ரில் அந்த அரிவாள்மனையை மழுக்குகிறது. இறுக்கும் பொருள் குறைகிறது, தளர்த்தும் பொருள் தங்குகிறது. தங்கிய பிராடிகைனின் தொண்டையையும் மூச்சுக் குழாயையும் கிச்சுகிச்சு மூட்டுவதால்தான் உம்மாவுக்கு இருமல் என்று கருதுகிறார்கள். லோசார்டன் இந்த வெட்டில் தலையிடுவதில்லை, ஆஞ்சியோடென்சின் 2 போய் உட்காரும் இடத்தை அடைத்துவிடுகிறது. அதனால் இருமலும் இல்லை.

இந்த மருந்து எங்கிருந்து வந்தது என்றால் பாம்பிலிருந்து. பிரேசில் நாட்டில் ஜரராக்கா என்று ஒரு விரியன் இருக்கிறது. கடித்தால் பிரஷர் பாதாளத்துக்குப் போகும். அங்கே செர்ஜியோ ஃபெரேரா என்ற ஆய்வாளர் 1965இல் அந்த விஷத்தில் பிராடிகைனினைத் தாங்கிப் பிடிக்கும் ஒரு பொருளைக் கண்டார். அதை எடுத்துக்கொண்டு லண்டனில் ஜான் வேனின் ஆய்வுக்கூடத்துக்குப் போனார். பார்த்தால் அவை சின்னச் சின்னப் பெப்டைடுகள். பெப்டைடு என்றால் வேறொன்றுமில்லை, புரதம் என்ற நீளச் சங்கிலியிலிருந்து கழன்ற சில கண்ணிகள். அவற்றில் 9 கண்ணி உள்ள ஒன்று மனிதருக்கும் பிரஷரைக் குறைத்தது. ஆனால் ஊசியாகப் போட்டால்தான் குறைத்தது. வாய்வழி கொடுத்தால் வயிறும் குடலும் அதை மீன் துண்டு மாதிரி ஜீரணித்துவிட்டன. அதனால் ஸ்க்விப் நிறுவனத்தில் குஷ்மன், ஒண்டெட்டி என்ற இருவர், விஷம் நொதியில் எங்கே போய்ச் செருகிக்கொள்கிறது என்று பார்த்து, அந்த வடிவத்தில் ஜீரணத்துக்கு மசியாத சின்ன மூலக்கூறு ஒன்றைச் செய்தார்கள். அதுதான் கேப்டோப்ரில், 1981இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. எனலாப்ரில் அதன் தம்பி.

இந்தக் கதையை இவ்வளவு நீட்டியதற்குக் காரணம் உண்டு. வாயில் போட்டால் வேலை செய்யாத பெப்டைடை, வேலை செய்ய வைப்பதற்காகத்தான் மாத்திரையே பிறந்தது. அப்படியிருக்க, மீன் பெப்டைடு எப்படி வாய்வழி வேலை செய்யும்?

சில செய்யும், கொஞ்சம். ஜெலட்டினைப் பாக்டீரியா நொதி கொண்டு நறுக்கினால் ஏசிஇயைத் தடுக்கும் துண்டுகள் கிடைக்கின்றன என்று ஜப்பானியர் 1979இல் காட்டினார்கள். உணவிலிருந்து இப்படி ஒன்று கிடைத்தது அதுவே முதல் தடவை. அதன் பிறகு பால், மீன், முட்டை, சோயா, கோதுமை, கடற்பாசி என்று எதை நறுக்கினாலும் ஏதாவது ஒன்று கிடைத்தது. அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. எந்தப் புரதத்தையும் போதுமான அளவு பொடித்தால், அந்த நொதியின் வாயில் சரியாகப் போய் அடைக்கும் சிம்பு ஒன்றாவது தேறும். அதிலும் கடைசிக் கண்ணி புரோலினாக இருந்தால் குடலில் இருக்கும் நொதிகளுக்கு அதை உடைக்கச் சிரமம். இரண்டு மூன்று கண்ணிகளே உள்ள துண்டுகளை முழுசாக உள்ளே இழுத்துக்கொள்ள குடல் சுவரில் தனி வாசலும் உண்டு. நான்கு, ஐந்து என்று நீண்டால் வாசல் குறுகிவிடும்.

பாலில் கிடைத்தவை இரண்டு, அவைதான் இந்தத் துறையில் பேர் போனவை: வேலின்-புரோலின்-புரோலின், ஐசோலியூசின்-புரோலின்-புரோலின். ஜப்பானில் கால்பிஸ் என்று 1919 முதல் விற்கும் புளித்த பால் பானம் இருக்கிறது. அதைப் புளிக்க வைக்கும் லாக்டோபாசில்லஸ் ஹெல்வெடிகஸ் என்ற நுண்ணுயிர் பாலின் கேசின் புரதத்தை அரிக்கும்போது இவை உதிர்கின்றன என்று 1995இல் அந்த நிறுவனத்தின் ஆட்களே எழுதினார்கள். 'நம்ம வீட்டுத் தயிரிலும் இருக்குமா' என்று அடுத்துக் கேட்பீர்கள். நம் வீட்டு உறையில் எந்த நுண்ணுயிர் இருக்கிறது என்பது வீட்டுக்கு வீடு மாறும். ஹெல்வெடிகஸ் அளவுக்குப் புரதத்தை அரிப்பவை எல்லாம் இல்லை. மோர் குடிப்பதற்கு ஆயிரம் காரணம் இருக்கிறது, இதைப் போய் அதோடு முடிச்சுப் போட வேண்டாம்.

இப்போது மாசி.

நீங்கள் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஏனென்றால் உங்கள் வீட்டு அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தக் கறுத்த விறகுக் கட்டையும், ஜப்பானியர் ஆராய்ந்த கட்சுவோபுஷியும் ஒரே மீன். சூரை இனத்தில், வயிற்றில் கோடு கோடாக இருக்கும் ஒன்று. மாலத்தீவிலும் மினிக்காயிலும் அதைத் தூண்டிலில் பிடித்து, நீளவாக்கில் பிளந்து, உப்புத் தண்ணீரில் வேகவைத்து, புகைபோட்டு, வெயிலில் காயவைத்தால் மாசி. ஜப்பானில் வேகவைத்து, முள் எடுத்து, வாரக்கணக்கில் மறுபடி மறுபடி புகைபோட்டு, உயர்ந்த ரகத்துக்கு ஒரு நல்ல பூஞ்சையையும் மேலே வளரவிட்டுக் காயவைத்தால் கட்சுவோபுஷி. அவர்கள் இழைப்புளியில் இழைத்துச் சாறு காய்ச்சுகிறார்கள், நாம் அம்மியில் இடித்துச் சம்பல் செய்கிறோம். இலங்கையோடும் மாலத்தீவோடும் நம் கரைக்கு இருந்த கப்பல் போக்குவரத்து கொண்டுவந்து சேர்த்த சரக்கு அது. கீழக்கரை, தொண்டிப் பக்கத்தில் மாசி இல்லாத வீடு எனக்குத் தெரிந்து குறைவு. பாம்பனில் எங்கள் வீட்டில் அது பண்டிகைச் சாமான். கீழக்கரைச் சிநேகிதன் வீட்டிலிருந்து ஒரு கட்டை வந்தால் அம்மா அதை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைப்பார்.

அந்தக் கட்சுவோபுஷியைத் தெர்மோலைசின் என்ற நொதியால் நறுக்கி, ஏசிஇயைத் தடுக்கும் துண்டுகளைப் பிரித்தார்கள், 1990களில். அதில் ஒன்று 5 கண்ணி நீளம்: லியூசின், லைசின், புரோலின், அஸ்பராஜின், மெத்தியோனின். இதன் குணம் வேடிக்கையானது. ஏசிஇ இதை இரை என்று நினைத்து வாலில் இரண்டு கண்ணியை வெட்டுகிறது. மிஞ்சிய மூன்று கண்ணி முன்னதைவிடச் சுமார் 8 மடங்கு வலுவாக அந்த நொதியையே அடைத்துவிடுகிறது. தனக்குத் தானே ஆப்பு சீவிக்கொள்வது என்பார்களே, அது. வகுப்பில் இதைச் சொல்லும் நாளில் மட்டும் பின்வரிசைப் பையன்களும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

அப்படியானால் சம்பலில் அது இருக்குமா? பெப்டைடாகத் தயாராக இல்லை. மாசியில் முக்கால் பங்கு புரதம், ஆனால் முழுச் சங்கிலியாக. தெர்மோலைசின் என்பது வெந்நீர் ஊற்றில் வாழும் வகை பாக்டீரியாவிலிருந்து எடுத்தது, அது சங்கிலியை வெட்டும் இடங்கள் வேறு. நம் வயிற்றுப் பெப்சினும் கணையத்து டிரிப்சினும் வெட்டும் இடங்கள் வேறு. ஒரே மீனை இரண்டு பேர் அறுத்தால் துண்டு ஒரே மாதிரி விழுமா? நம் குடலிலும் ஏசிஇயைத் தடுக்கும் சில சிம்புகள் உதிரத்தான் செய்யும். எவை, எத்தனை, உடையாமல் ரத்தத்துக்குப் போவது எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள், வேளைக்கு வேளை மாறும். ஜப்பானில் விற்ற கட்சுவோபுஷிப் பெப்டைடு நாளுக்கு ஒன்றரை கிராம், அதில் அந்த ஐந்து கண்ணித் துண்டு 5 மில்லிகிராம் என்று அளந்து போட்டது. சம்பலுக்கு அந்த மாதிரி அளவுகோல் கிடையாது.

டப்பாவிலிருப்பது சாளைப் பெப்டைடு. நாம் பேச்சாளை, மத்தி என்று சொல்லும் மீனின் உறவுதான். அதன் முக்கியத் துண்டு வேலின்-டைரோசின் என்று இரண்டே கண்ணி. இரண்டே கண்ணி என்பதால் குடல் வாசலில் எளிதாக நுழையும், குடித்த மனிதர் ரத்தத்தில் அது கூடுவதை அளந்தும் காட்டியிருக்கிறார்கள். 2000இல் வந்த ஜப்பானிய ஆய்வில், லேசான ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு 4 வாரம் கொடுத்ததில் மேல் அளவு (164/98 என்றால் அந்த 164) சுமார் 9 புள்ளி இறங்கியது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஆய்வில் இருந்தவர்கள் முப்பது பேர்கூட இல்லை.

மனிதரிடம் அதிகம் சோதித்தது பால் பெப்டைடுகளைத்தான், அங்கே போனால் படம் மங்குகிறது. பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து 2011இல் கணக்குப் போட்டபோது ஆசியரிடம் மேல் அளவு 7 புள்ளி ஒட்டி இறங்கியிருந்தது, ஐரோப்பியரிடம் 1 புள்ளியும் சொச்சமும். நெதர்லாந்தில் 2008இல் நடந்த ஒரு ஆய்வில் ஒன்றுமே இறங்கவில்லை. மரபணு வித்தியாசமா, ஜப்பானியரின் உப்புச் சாப்பாடா, சின்ன ஆய்வுகள் நல்ல முடிவை மட்டும் வெளியே சொன்னதா என்று இன்னும் சண்டை போடுகிறார்கள். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதே காலகட்டத்தில் பால் பெப்டைடு, சூரைப் பெப்டைடு இரண்டையும் பார்த்துவிட்டு, 'பிரஷருக்கு நல்லது' என்று எழுத ஆதாரம் போதாது என்று சொல்லிவிட்டது. ஜப்பானில் 1991இலிருந்தே இத்தகைய உணவுகளுக்குத் தனி அனுமதி முறை இருக்கிறது, அங்கே எழுதலாம்.

எனக்குச் சந்தேகம் வருவது இன்னொரு இடத்தில். சோதனைக் குழாயில் பாலின் இந்த மூன்று கண்ணித் துண்டுகள் ஏசிஇயைப் பாதியாக அடக்க வேண்டிய அளவு மைக்ரோமோல் கணக்கு. அதுவே கேப்டோப்ரிலுக்கு நூற்றுக்கணக்கான மடங்கு குறைவாகப் போதும். பால் பெப்டைடு குடித்த பிறகு மனித ரத்தத்தில் அளந்தால் கிடைத்ததோ பிகோமோல் கணக்கு. மைக்ரோவுக்கும் பிகோவுக்கும் நடுவில் பத்து லட்சம் மடங்கு இருக்கிறது. கோயில் தெப்பக்குளத்தில் ஒரு தம்ளர் பால் ஊற்றிவிட்டுக் குளம் வெளுக்கும் என்று காத்திருப்பது மாதிரி. அதனால் கொஞ்ச நஞ்சம் பிரஷர் இறங்குவது உண்மை என்றாலும், அது ஏசிஇயை அடைத்ததால்தானா, ரத்தக் குழாயின் உள்தோலில் வேறு ஏதாவது நடக்கிறதா என்பது தீராத வழக்கு. 'மாத்திரை செய்யும் அதே வேலை' என்று வீடியோவில் சொன்னவர் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிட்டார்.

'பக்கவிளைவு கிடையாது' என்பதற்கும் ஒரு வார்த்தை. உண்மையிலேயே ஏசிஇயைப் பலமாக அடைத்தால் அதே இருமல் இதிலும் வரத்தான் வேண்டும். இருமல் வருவதில்லை என்றால் அடைப்பு அவ்வளவு லேசானது என்று பொருள். இரண்டும் ஒருசேரக் கிடைக்காது. ஜப்பானியப் பொட்டலங்களில் இன்னொன்றும் இருக்கும்: இது 'பிரஷர் சற்றே கூடுதலாக இருப்பவர்களுக்கு' என்று எழுதியிருப்பார்கள். 164 சற்றே இல்லை. டப்பாவையே யாரிடமாவது படிக்கச் சொல்லுங்கள், மச்சானைவிட அது நேர்மையாகப் பேசும். கர்ப்பிணிகள் இருக்கும் வீடு என்றால் இந்த டப்பா அவர்கள் பக்கம் போகவே கூடாது, ஏசிஇயைத் தடுக்கும் மாத்திரைகள் கருவுக்கு ஆகாதவை, அந்த வழியில் வேலை செய்வதாகச் சொல்லும் பொடிக்கும் அதே ஜாக்கிரதைதான்.

பாசி பற்றியும் கேட்பார்கள், அதனால் ஓரிரு வரி. ஜப்பானில் வக்காமே என்ற பாசியிலிருந்து பெப்டைடு எடுத்திருக்கிறார்கள். மண்டபம், பாம்பன், ஏர்வாடிக் கரைகளில் நம் பெண்கள் முங்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியும் கட்டைக்கோரையும், மிதவையில் வளர்க்கும் கப்பாபைகஸும் போவது அகார், ஆல்ஜினேட், கராஜீனன் என்ற கோந்து வகைகளுக்கு. அவற்றில் புரதம் சொற்பம். கஞ்சிப்பாசிக் கஞ்சி குடியுங்கள், வயிற்றுக்கு நல்லது, பிரஷருக்கு என்று குடிக்காதீர்கள். கடல் அட்டையிலும் பெப்டைடு இருக்கிறது என்று ஆய்வுகள் உண்டு. அது 2001இலிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலியோடு ஒரே அட்டவணையில் இருக்கிறது. யாராவது பொடி என்று நீட்டினால் வாங்கியவரும் சேர்ந்துதான் மாட்டுவார்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். வாரத்தில் நாலு நாள் மாசி, அப்புறம் எப்படிப் பிரஷர்?

வயது, குடும்பவாகு, எடை, தூக்கம் என்று பல இருக்கும், உம்மாவைப் பார்க்காமல் அதையெல்லாம் நான் சொல்ல முடியாது. ஆனால் நம் கரையில் பிறந்த யாருக்கும் கை நீட்டிக் காட்டக்கூடிய ஒன்று உப்பு. உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஆளுக்கு நாளைக்கு 5 கிராமுக்குள், ஒரு டீஸ்பூன். நன்றாக உப்பு போட்ட சீலா, பாறை, திருக்கைக் கருவாட்டில் 100 கிராமுக்கு 10 கிராமுக்கு மேல் உப்பு இருப்பது சாதாரணம். கைப்பிடியளவு ஒரு துண்டிலேயே அரை நாள் கணக்கு முடிந்துவிடும். அதைப் போட்ட குழம்பில் மறுபடி உப்பு, ரசத்தில் உப்பு, தொட்டுக்கொள்ள ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய். சம்பலில் ருசிக்கு ஒரு சிட்டிகை. மீன் பெப்டைடு ஒரு பக்கம் தூசி அளவு இழுத்தால், உப்பு எதிர்ப்பக்கம் வடம் பிடித்து இழுக்கிறது.

வகுப்பில் நான் இதைக் கண்ணால் காட்டுவேன். கருவாடு ஊறவைத்த தண்ணீரை வடிகட்டி, அதில் சில்வர் நைட்ரேட் சொட்டுவிட்டால் பால் ஊற்றியது போல வெளுத்துப் படியும். அந்த வெள்ளை முழுக்க உப்பில் இருந்த குளோரைடு. இரண்டாம் தண்ணீரில் குறையும், மூன்றாம் தண்ணீரில் இன்னும் குறையும். ஒரு மாணவி, மீனவக் குடும்பத்துப் பெண், 'சார், எங்கம்மா முதல் தண்ணிய குழம்புல ஊத்துவாங்க, ருசி போயிடும்னு' என்றாள். வகுப்பே சிரித்தது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை.

உப்பைக் குறைத்தால் எவ்வளவு இறங்கும்? அமெரிக்காவில் 2001இல் வந்த டாஷ்-சோடியம் ஆய்வில், வழக்கமான சாப்பாட்டில் உப்பை மட்டும் அதிகத்திலிருந்து குறைவுக்குக் கொண்டுவந்ததில் மேல் அளவு சராசரி 6.7 புள்ளி இறங்கியது. அதோடு காய், பழம், பால் கூடிய சாப்பாடும் சேர்ந்தபோது, ஏற்கெனவே பிரஷர் உள்ளவர்களுக்கு 11.5. இதற்கு டப்பா வாங்க வேண்டாம். சீனாவில் 600 கிராமங்களில் 20,995 பேரிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்வு இன்னும் பெரியது. உப்பில் கால் பங்குக்குப் பொட்டாசியம் குளோரைடு கலந்து பாதிக் கிராமங்களுக்குக் கொடுத்தார்கள். அந்தக் கிராமங்களில் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. இங்கே கடைகளில் குறைந்த சோடியம் உப்பு என்று அந்த வகைப் பொட்டலம் கிடைக்கிறது. ஆனால் உங்கள் உம்மாவுக்கு நேராக வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். எனலாப்ரிலும் லோசார்டனும் உடம்பில் பொட்டாசியத்தைத் தேக்கும், சிறுநீரகமும் சரியில்லை என்றால் இந்த உப்பு ஆபத்து. கிரியாட்டினின், பொட்டாசியம் இரண்டுக்கும் ரத்தம் கொடுத்து, டாக்டர் சரி என்றால் வாங்கலாம்.

கருவாட்டை விடச் சொன்னால் உம்மா என்னைத்தான் திட்டுவார். விட வேண்டாம், தேர்ந்தெடுங்கள். கரையில் மணலில் போட்டு உப்பில்லாமல் காயவைக்கும் நெத்திலி இருக்கிறது, அதைக் கேட்டு வாங்கலாம், மண்ணை மட்டும் நன்றாக அலச வேண்டும். உப்புக் கருவாடு என்றால் வெந்நீரில் ஊறப்போட்டு இரண்டு மூன்று தண்ணீர் மாற்றி, முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டு, குழம்பில் தனியாக உப்பே போடாமல் கடைசியில் ருசி பார்த்தால் போதும் என்றுதான் இருக்கும். மாசியில் உப்பு கருவாட்டைவிடக் குறைவு, வேகவைத்த தண்ணீரைப் பொறுத்து கொஞ்சம் கூடும் குறையும். வீட்டில் யாருக்காவது யூரிக் அமிலம், மூட்டு வீக்கம் இருந்தால் மாசியும் நெத்திலியும் அளவோடு. மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, பச்சை மீன் விலை ஏறி வீட்டில் கருவாடு இரண்டு மடங்காகும். பிரஷர் உள்ளவர்கள் வீட்டில் அந்த 61 நாளும் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும்.

பச்சை மத்தி கிடைக்கும் காலத்தில் அதையே குழம்பு வையுங்கள். பெப்டைடுக்காக இல்லை. அதில் இருக்கும் எண்ணெய் இதயத்துக்கு நல்லது, விலையும் மலிவு, பொரிக்காமல் வைத்தால் இன்னும் நல்லது.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும்போது மூன்று விஷயம் சொல்ல வேண்டும்: மாத்திரையை எந்தத் தேதியில் நிறுத்தினார், இருமல் எப்போது தொடங்கி இப்போது எப்படி இருக்கிறது, இப்படி ஒரு டப்பா வந்திருக்கிறது. டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள். புது மாத்திரை தொடங்கிய பிறகு, நடக்க முடியாத நாளில் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து மாத்திரை கொடுப்பார், 2021இலிருந்து நடக்கிறது, உங்கள் தெருவுக்கு யார் வருகிறார் என்று கேட்டு வையுங்கள். வீட்டிலும் ஒரு கருவி வாங்கிக் காலையில் மாத்திரைக்கு முன், ராத்திரி படுக்கும் முன், ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்த பிறகு அளந்து, தேதி போட்டு எழுதுங்கள். அளவு கட்டுக்குள் வந்து, மாத்திரையும் தொடர்ந்து, டாக்டரும் ஆட்சேபிக்காமல், மச்சான் மனசும் நோகக்கூடாது என்றால், அந்த டப்பாவை அப்போது பிரிக்கலாம். ஒரு மாதம் எழுதிப் பாருங்கள். நோட்டில் வித்தியாசம் தெரியவில்லை என்றால் அடுத்த டப்பாவுக்குப் பதில் நல்ல மாசிக் கட்டை ஒன்று அனுப்பச் சொல்லுங்கள்.

சம்பலுக்கு என் கை அளவு இது: மாசியை லேசாகச் சுட்டு இடித்து, சின்ன வெங்காயம் தாராளமாக, நம் முண்டு மிளகாய் இரண்டு, தேங்காய்ப்பூ ஒரு பிடி, எலுமிச்சம்பழம் அரை மூடி முழுக்கப் பிழிந்து. புளிப்பு தூக்கலாக இருந்தால் நாக்கு உப்பைத் தேடாது. உப்பு போடவே இல்லை என்று உம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள், சாப்பிட்டு முடித்த பிறகு சொல்லுங்கள்.